மோட்டார்ஹோமின் பின்னால் காரை இழுத்துச் சென்றால் மைலேஜ் உண்மையில் எவ்வளவு குறையும்?

கேள்வி: டாலஸ் வழிப்போக்கன்

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் ஃபோர்டு ஈ-450 அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்ட, 31 அடி நீளமுள்ள சி வகை மோட்டார்ஹோம் (படுக்கையும் சமையலறையும் கொண்ட வீட்டு வண்டி) ஒன்று இருக்கிறது. 2014ஆம் ஆண்டு வண்டி, 6.8 லிட்டர் வி10 பெட்ரோல் எஞ்சின். தண்ணீரும் சாமான்களும் ஏற்றிய பிறகு எடைமேடையில் நிறுத்திப் பார்த்தபோது 13,500 பவுண்டு காட்டியது. சென்ற நவம்பரில் நன்றி நவிலல் விடுமுறைக்கு டாலஸிலிருந்து கார்பஸ் கிறிஸ்டி சென்று திரும்பினோம். க்ரூஸ் கன்ட்ரோலை மணிக்கு 62 மைலில் வைத்து ஓட்டினேன், கேலனுக்கு 8.9 மைல் கிடைத்தது. இவ்வளவு பெரிய வண்டிக்கு இது போதும் என்று திருப்திப்பட்டுக்கொண்டோம்.

இந்த ஜூலையில் யெல்லோஸ்டோன் கிளம்பும்போது எங்கள் 2013ஆம் ஆண்டு ஹோண்டா சிஆர்-வி காரையும் பின்னால் கட்டிக்கொண்டோம். காரை வண்டியோடு பிணைக்கும் டோ பார் என்ற இழுவைக் கம்பியைப் பொருத்தி, நான்கு சக்கரங்களும் தரையில் உருளும்படி இழுக்கும் முறை. காரின் எடை சுமார் 3,500 பவுண்டு. அமரில்லோ, ரடோன் கணவாய், டென்வர், ஷையன் வழியாக இன்று மாலை வயோமிங்கின் ராலின்ஸ் வந்து சேர்ந்திருக்கிறோம். இதுவரை 1,040 மைல். ஊற்றிய பெட்ரோல் 146 கேலன். கணக்குப் போட்டால் கேலனுக்கு 7.1 மைல்தான் வருகிறது. காரைக் கட்டினால் அரை மைல், மிஞ்சிப் போனால் ஒரு மைல் குறையும் என்று சொன்ன நண்பர்களை நம்பித்தான் இவ்வளவு செலவு செய்து டோ பார் வாங்கினேன். இப்போதோ ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது. திரும்பும்போது காரைத் தனியாகத் தானே ஓட்டிவருவதாக என் மனைவி சொல்கிறார். வண்டியில் ஏதேனும் கோளாறா, அல்லது கார் இழுத்தால் இவ்வளவு குறைவதுதான் இயல்பா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். நாங்கள் இங்கிருந்து நாளை காலை கிளம்புகிறோம்.

மறுமொழி: காற்றும் கணக்கும்

வழிப்போக்கன் அவர்களுக்கு வணக்கம். நான் இயந்திரப் பொறியியல் படித்தவன். உங்கள் எண்களைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்: காணாமல் போன மைலேஜில் கார் விழுங்கியது பாதிக்கும் குறைவு.

சமதரையில் ஒரே வேகத்தில் ஓடும் வண்டி இரண்டு எதிர்ப்புகளை மட்டும் வெல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று டயர் உருள்வதால் வரும் தடை. 13,500 பவுண்டு எடையுள்ள உங்கள் வண்டிக்கு, அதில் நூறில் 0.8 பங்கு என்று வைத்துக்கொண்டால், அது 108 பவுண்டு விசை. மற்றொன்று காற்று. பதினோரு அடி உயரமும் எட்டடிக்கு மேல் அகலமும் உள்ள ஒரு சுவரை மணிக்கு 65 மைல் வேகத்தில் காற்றில் தள்ளிக்கொண்டு போவதற்கு, வடிவத்துக்குத் தக்கபடி ஏறக்குறைய 510 பவுண்டு விசை வேண்டும். ஆக மொத்தம் 618. இதில் காற்றின் பங்கு ஐந்தில் நான்குக்கும் மேல் என்பதைக் கவனியுங்கள்.

இப்போது காரைச் சேர்ப்போம். கார் டயரின் உருள்தடை சற்று அதிகம் என்று எடுத்துக்கொண்டாலும் 3,500 பவுண்டு எடைக்கு 42 பவுண்டு விசைதான் வருகிறது. கார் உங்கள் வண்டியின் முதுகுக்குப் பின்னால், வண்டி ஏற்கெனவே கிழித்துவிட்ட காற்றின் நிழலில் ஒளிந்து வருவதால், அதற்கென்று தனியான காற்றெதிர்ப்பு மிகக் குறைவு. தாராளமாகப் பத்துப் பவுண்டு கொடுப்போம். மொத்தம் 52. அதாவது, எடையில் 26 விழுக்காடு கூடியபோதிலும் எஞ்சினின் வேலை எட்டரை விழுக்காடுதான் கூடுகிறது. எடையை மட்டும் பார்த்துக் கணக்கிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். குதிரைத்திறனில் சொன்னால், 65 மைல் வேகத்தில் கார் கேட்பது ஒன்பது குதிரைத்திறன். பெட்ரோலில் சொன்னால் மணிக்கு முக்கால் கேலன் அளவு. மோட்டார்ஹோமின் பசி யானைப் பசி. கார் அதற்கு முன்னால் சோளப்பொரி.

அப்படியானால் மீதி எங்கே போனது என்று கேட்பீர்கள். நவம்பரில் 62 மைலில் ஓட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த முறை என்ன வேகம் என்று எழுதவில்லை. டெக்சாஸின் 287ஆம் நெடுஞ்சாலையில் எல்லோரும் 75இல் பறக்கும்போது 62இல் போக மனம் வராது என்பது எனக்குத் தெரியும். காற்றெதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. 62இலிருந்து 65க்குப் போனாலே 46 பவுண்டு கூடிவிடும். கிட்டத்தட்ட இன்னொரு காரைக் கட்டியதற்குச் சமம். மாறாக, 65இலிருந்து 60க்கு இறங்கினால் 75 பவுண்டு குறையும். கார் கேட்கும் 52ஐக் கொடுத்துவிட்டு மீதியையும் நீங்கள் பையில் போட்டுக்கொள்ளலாம். எனவே, காரைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன் என்ன வேகத்தில் வந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வி. ஜூலை மாதத்தில் டெக்சாஸைக் கடந்திருக்கிறீர்கள். பின்னால் குழந்தைகள் உட்கார்ந்திருந்தால் கூரை ஏசியை ஓடவிட்டிருப்பீர்கள். அதற்கு ஜெனரேட்டர் ஓட வேண்டும். உங்கள் வகை வண்டியில் ஜெனரேட்டர் குடிப்பதும் அதே 55 கேலன் தொட்டியிலிருந்துதான்.

மறுமொழி: கொலராடோ மலைவாசி

முந்தைய நண்பரின் கணக்கு சமதரைக்குச் சரி. ஆனால் கேட்டவர் சமதரையில் வரவில்லை. டாலஸின் உயரம் 430 அடி. இன்று அவர் நிற்கும் ராலின்ஸ் 6,800 அடி. வழியில் ரடோன் கணவாயில் 7,834 அடி வரை ஏறி இறங்கியிருக்கிறார். ஷையனுக்கும் லாரமிக்கும் இடையில் 8,640 அடி உயரத்தில் இருக்கும், 80ஆம் நெடுஞ்சாலையிலேயே மிக உயரமான இடத்தையும் கடந்திருக்கிறார். வண்டியும் காருமாக 17,000 பவுண்டை 6,400 அடி உயரத்துக்குத் தூக்கி வைப்பதற்கு மட்டுமே நான்கரை கேலன் போல் செலவாகும். இறங்கும்போது இதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஆனால் இடையில் ஏறி இறங்கிய இடங்களில் எஞ்சின் பிரேக்கிலும் கால் பிரேக்கிலும் வெப்பமாகப் போனது போனதுதான். ஏற்றத்தில்தான் காரின் எடை முழுமையாகத் தெரியும். ஆறு விழுக்காட்டுச் சரிவில் அந்த 3,500 பவுண்டு கார், உருள்தடைக்கு மேல் இன்னும் 210 பவுண்டு கேட்கும். வி10 எஞ்சின் கீழ் கியருக்குத் தாவி நான்காயிரம் சுற்றில் அலறுவதைக் கேட்டிருப்பீர்கள்.

உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் எஞ்சின் மூச்சுத் திணறி அதிக பெட்ரோல் குடிக்கிறது என்று பலர் சொல்வதுண்டு. அதை நான் ஏற்பதில்லை. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு மூன்று விழுக்காடு வீதம் வலுவிழக்கும் என்பது உண்மை. அதனால் ஏற்றத்தில் மெதுவாகப் போவீர்கள், அவ்வளவுதான். சமதரையில் அந்த மெலிந்த காற்று உங்களுக்குச் சாதகம். ஏழாயிரம் அடியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. முந்தைய நண்பர் சொன்ன 510 பவுண்டிலும் அதே விகிதத்தில் குறையும். என் வண்டி கன்சாஸில் கொடுப்பதைவிட லாரமிச் சமவெளியில், காற்று வீசாத நாளில், நல்ல மைலேஜ் கொடுக்கிறது.

காற்று வீசாத நாள் என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையில் உள்ள நூறு மைலில் அப்படி ஒரு நாள் வாய்ப்பது அரிது. எல்க் மலையருகே மேற்கிலிருந்து வீசும் காற்றில் உயரமான, எடை குறைந்த வண்டிகளுக்குச் சாலையையே மூடிவிடுவார்கள். நீங்கள் வந்தது மேற்கு நோக்கி. 60 மைல் வேகத்தில் போகும்போது 20 மைல் எதிர்காற்று வீசினால், காற்றெதிர்ப்பைப் பொறுத்தவரை நீங்கள் 80இல் போகிறீர்கள் என்று பொருள். எதிர்ப்பு ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் ஏறிவிடும். ஷையன் வரைக்கும் எவ்வளவு, அதற்குப் பிறகு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும். கார்பஸ் கிறிஸ்டிக்குப் போன கடலோரச் சமவெளிப் பயணத்தையும் இதையும் அருகருகே வைத்து, நடுவில் கார் ஒன்றுதான் மாறியிருக்கிறது என்று முடிவுகட்டுவது நியாயமில்லை.

மறுமொழி: ஐந்தாம் எண் சாலை

மேலே இருவரும் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் நாளைக் காலை கிளம்புவதற்கு முன் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். நான் பட்ட பாட்டை நீங்கள் பட வேண்டாம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் ஐந்தாம் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் காரில், ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் உட்காரவைக்கும் பெட்டி பிரேக் இருந்தது. மோட்டார்ஹோமின் பிரேக்கை அழுத்தினால் அந்தப் பெட்டி தன் கையை நீட்டிக் காரின் பிரேக் மிதியை அழுத்தும். பெட்டியைப் பொருத்திக் கொடுத்த கடைக்காரர், இருக்கையை முன்னுக்குத் தள்ளி அதை இறுக்கமாக வைக்கச் சொன்னார். நான் சற்று அதிகமாகவே இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது. மிதி கால் அங்குலம் உள்ளே போன நிலையிலேயே நின்றுவிட்டது. எங்களுக்கு எப்போதும் 8 மைல் கொடுக்கும் வண்டி அன்று 6.1 கொடுத்தது. எதிர்காற்றாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஓய்விடத்தில் இறங்கியபோது ஏதோ காகிதம் கருகுவது போன்ற வாசனை. துப்பாக்கி போல் நீட்டிப் பிடித்து வெப்பம் பார்க்கும் வெப்பமானியைக் காரின் முன்சக்கரத்தில் காட்டினால் 310 ஃபாரன்ஹீட்; பின்சக்கரம் 160. அன்று பிரேக் தட்டும் பேடும் மாற்ற நேர்ந்தது. தீப்பிடிக்காமல் தப்பியது முன்னோர் செய்த புண்ணியம்.

ஆகவே, பிரேக் பிடிக்காமல் பத்து மைலாவது ஓட்டிவந்து ஒதுங்கி நிறுத்துங்கள். காரின் நான்கு சக்கரங்களையும் தொட்டுப் பார்க்காமல், அருகில் கையைக் கொண்டுபோய் வெப்பத்தை உணருங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில், இளஞ்சூடாக மட்டும் இருந்தால் பிரேக் பற்றிக் கவலை வேண்டாம். கை பிரேக்கை முழுமையாக விடுவித்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். சிஆர்-வி காருக்கு ஹோண்டா கையேட்டில் ஒரு சடங்கே இருக்கிறது: எஞ்சினை ஓட்டி, கியரை டி-யில் (டிரைவ்) ஐந்து விநாடி வைத்து, பிறகு என்-னுக்கு (நியூட்ரல்) கொண்டுவந்து மூன்று நிமிடம் ஓடவிட்டு, அதன்பின் அணைத்து, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியைத் துணைக்கருவி நிலையில் விட வேண்டும். அதைத் தவறவிட்டால் கெடுவது கியர்பெட்டி, மைலேஜ் பிறகுதான். 65 மைலுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் எதையாவது இழுத்துச் செல்லும் வண்டிக்குச் சட்டப்படி 55 மைல்தான் உச்ச வேகம். கார் இல்லாமல் போகும்போது நான் 65இல் போவேன். காரைக் கட்டினால் அபராதத்துக்கு அஞ்சி 55இல் போவேன். பிரேக் சரியாக இருக்கும் நாள்களில், என் குறிப்பேட்டின்படி, காரைக் கட்டிக்கொண்டு போனால்தான் எனக்கு மைலேஜ் அதிகம். இதை எங்கே சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியை, மிச்சிகன்

தம்பி, உங்கள் மனைவி காரைத் தனியாக ஓட்டிவருகிறேன் என்று சொன்னதைப் படித்ததும்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. தயவுசெய்து அவரை இரண்டு நாள் தனியாக ஓட்டவிடாதீர்கள். அலுப்பு ஒருபுறம் இருக்கட்டும். கணக்கும் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

நாங்கள் இருவரும் பணி ஓய்வுக்குப் பிறகு பேருந்து போன்ற ஏ வகைப் பெட்ரோல் மோட்டார்ஹோம் வாங்கினோம். பின்னால் ஜீப் ராங்ளர். கார் இல்லாமல் கேலனுக்கு 8 மைல், காரோடு 7.4 என்பது ஆறு ஆண்டுகளாகக் குறித்து வைத்த சராசரி. மொன்டானாவின் கிளேஸியர் பூங்காவுக்குப் போய்த் திரும்ப நாலாயிரம் மைல் ஆனது. 7.4 கணக்கில் 540 கேலன். 8 கணக்கில் 500. ஆக, காரை இழுத்ததற்கான கூலி நாற்பது கேலன். அந்த ஜீப்பை நான் தனியாக ஓட்டிப் போயிருந்தால், கேலனுக்கு 20 மைல் கணக்கில், 200 கேலன் ஆகியிருக்கும். உங்கள் சிஆர்-வி கேலனுக்கு 28 மைலே கொடுத்தாலும் நாலாயிரம் மைலுக்கு 143 கேலன் வேண்டும். கட்டி இழுப்பதைவிட மலிவான வழி, காரை வீட்டிலேயே விட்டுவிடுவது மட்டும்தான்.

அதிலும் ஒரு பொடி இருக்கிறது. பூங்காவுக்குள் நாங்கள் சுற்றியது 900 மைல். மோட்டார்ஹோமிலேயே சுற்றியிருந்தால் 112 கேலன். ஜீப்பில் 45 கேலன். மிச்சம் 67. இழுத்த கூலி 40. எங்களைப் பொறுத்தவரை காரை இழுத்துப் போனதில் பெட்ரோல் மிச்சம்தான். அதற்கும் மேலாக, கிளேஸியரின் மலையுச்சிச் சாலையில் அவலாஞ்சுக்கும் ரைசிங் சன்னுக்கும் இடைப்பட்ட பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை விடவே மாட்டார்கள். மோட்டார்ஹோம் மட்டும் வைத்திருந்தவர்கள் அங்கே ஓடும் பேருந்துக்கு வரிசையில் நின்றதைப் பார்த்தோம். நீங்கள் போகும் வழியில் டீட்டன் பூங்காவில் மூஸ்-வில்சன் சாலையிலும் 23 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதி இல்லை. யெல்லோஸ்டோனின் எட்டு வடிவச் சுற்றுச்சாலை மட்டுமே 142 மைல். வெந்நீர் ஊற்றுகளுக்கு அருகிலுள்ள வாகன நிறுத்தங்களில் 31 அடி வண்டிக்கு இடம் தேடி நீங்கள் செய்யும் பிரதட்சிணம் இந்தக் கணக்கில் வராது.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். டோ பார், காரின் முன்னால் பொருத்தும் அடித்தகடு, விளக்குக் கம்பிகள், பிரேக், கூலி எல்லாமாக எங்களுக்கு நாலாயிரம் டாலருக்கு மேல் ஆயிற்று. பெட்ரோல் மிச்சத்தை மட்டும் வைத்து அதை ஈடுகட்ட எங்கள் ஆயுள் போதாது. ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே இடத்துக்குப் போகிறவர் அந்த ஊரில் வாடகைக் கார் எடுப்பதே புத்திசாலித்தனம். நாங்கள் வாங்கியது மைலேஜுக்காக இல்லை. கார் வாங்குவதற்கு முன்பு, ஒரு கேலன் பால் வாங்கக் கடைக்குப் போக வேண்டுமென்றால், கழிவுநீர்க் குழாயைக் கழற்றி அலசி வைத்து, தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் சுருட்டி, சக்கரத்தடியில் வைத்த கட்டைகளை எடுத்து, ஸ்லைடை (வெளியே நீளும் அறைப்பகுதியை) உள்ளே இழுத்து, அலமாரிக் கதவு ஒவ்வொன்றையும் தாழிட்டு, புளித்துக்கொண்டிருக்கும் இட்லி மாவுப் பாத்திரத்தைக் கழுவுதொட்டிக்குள் இறக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். இரண்டாவது பயணத்திலேயே என் கணவர் பால் இல்லாத காபி குடிக்கக் கற்றுக்கொண்டார். அந்தக் காபிக்குக் கொடுத்த விலைதான் நாலாயிரம் டாலர் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மறுமொழி: புதிதாய் வந்தவன்

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். எங்களிடம் இருப்பது டெஸ்லா மாடல் ஒய். அதைப் பின்னால் கட்டி இழுத்தால் சக்கரம் சுழல்வதில் பேட்டரி தானாக நிரம்பிக்கொள்ளும், இறங்கும் இடத்தில் செலவில்லாமல் ஓட்டலாம் என்று ஒருவர் சொன்னார். இது உண்மையா?

மறுமொழி: காற்றும் கணக்கும்

வேண்டவே வேண்டாம். டெஸ்லாவின் கையேடே சக்கரங்கள் தரையில் படும்படி இழுத்துச் செல்லக் கூடாது என்கிறது. நான்கும் தரையைத் தொடாமல் டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அப்படி ஏற்றினால் காரின் எடையோடு டிரெய்லரின் எடையும் சேரும். ஈ-450 வண்டிகள் பலவற்றில் கொக்கியின் தாங்குதிறன் 5,000 பவுண்டுதான் என்பதால் அது பொருந்தாமலும் போகலாம். தானாக நிரம்பும் மின்சாரம் என்று ஒன்றும் கிடையாது. இழுக்கும்போது பேட்டரியில் ஏறுவது எல்லாம் மோட்டார்ஹோமின் பெட்ரோலிலிருந்து வந்ததே. அதுவும் பாதி வழியில் சிந்தியது போக மீதி. வி10 எஞ்சினை வைத்து மின்சாரம் தயாரிப்பதைவிட விலையுயர்ந்த மின்நிலையம் எனக்குத் தெரிந்து இல்லை.

மறுமொழி: டாலஸ் வழிப்போக்கன்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பயணம் முடிந்து நேற்று வீடு வந்து சேர்ந்தோம். அதனால்தான் இந்தத் தாமதம்.

ராலின்ஸில் மறுநாள் காலை, ஐந்தாம் எண் சாலை நண்பர் சொன்னபடி பன்னிரண்டு மைல் ஓட்டி ஒதுங்கி நிறுத்திப் பார்த்தேன். நான்கு சக்கரங்களும் ஒரே மாதிரி இளஞ்சூடாகத்தான் இருந்தன; பிரேக்கில் குறையில்லை. வேகத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: 65. டெக்சாஸில் லாரிகள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதால் 62இல் போகத் துணிவில்லை. அடுத்து ஜெனரேட்டர். படுக்கைக்குக் கீழே உள்ள பலகையில் அது ஓடிய மணிநேரம் காட்டும் சிறிய அளவி இருப்பதே எனக்கு நினைவில்லை. கிளம்பும்போது எடுத்த ஒரு புகைப்படத்தின் ஓரத்தில் அந்த எண் விழுந்திருந்தது. ராலின்ஸ் வரை 18 மணிநேரம் ஓடியிருக்கிறது. மணிக்கு அரை கேலன் என்றால் ஒன்பது கேலன். மலையேறிய நான்கரை கேலனையும் சேர்த்துக் கழித்தால் 146 என்பது 132.5 ஆகிறது, மைலேஜ் 7.1இலிருந்து 7.85க்கு ஏறிவிடுகிறது. ஒரு மைலுக்கு மேல் குறைந்துவிட்டது என்று நான் புலம்பியதில் பெரும்பகுதி, குழந்தைகள் பின்னால் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும் அளவுக்கு ஏசியை வைத்ததும் என் வேகமும்தான்.

திரும்பும்போது மனைவி தனியாக ஓட்டவில்லை. காரைக் கட்டிக்கொண்டு 60இல் வந்தோம். பகலில் முன்பக்க ஏசி மட்டும். ஜெனரேட்டரை ஐந்து மணிநேரத்துக்கு மேல் ஓட்டவில்லை. டேல்ஹார்ட்டிலிருந்து அமரில்லோ தாண்டி விச்சிட்டா ஃபால்ஸ் வரை தெற்கிலிருந்து அனல் காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. அப்படியிருந்தும் ஜெனரேட்டர் குடித்ததைக் கழித்தபின் கேலனுக்கு 8.5 மைல் வந்தது. வரும் வழி இறக்கம் என்பதால் இதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்று மலைவாசி நண்பர் சொல்வார், ஒப்புக்கொள்கிறேன்.

அளப்பதிலும் ஒரு தவறு செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் மைலேஜைத் தனித்தனியாகக் கணக்கிட்டபோது 6.4 என்றும் 9.3 என்றும் தாறுமாறாக வந்தது. நிலையத்தின் தரை சற்றுச் சாய்ந்திருந்தாலே பெட்ரோல் குழாய் இரண்டு மூன்று கேலன் முன்னதாகவே தானாக நின்றுவிடுகிறது. நாற்பது கேலன் போடும் இடத்தில் மூன்று கேலன் என்பதே ஏழரை விழுக்காடு. கார் செய்யும் வித்தியாசமும் ஏறக்குறைய அவ்வளவுதானே. இனி மூன்று நான்கு முறை ஊற்றியதைச் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

அம்மா, உங்கள் கணக்கை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். யெல்லோஸ்டோனிலும் டீட்டனிலுமாகச் சிஆர்-வியில் 610 மைல் சுற்றினோம். வண்டி முகாமைவிட்டு அசையவில்லை. ஃபிஷிங் பிரிட்ஜ் அருகே மாலையில் காட்டெருமைக் கூட்டம் சாலையை மறித்து நின்றபோது, பின்னால் வந்த ஒரு பெரிய மோட்டார்ஹோம் திரும்பவும் முடியாமல் நகரவும் முடியாமல் ஒரு மணிநேரம் நின்றது. நாங்கள் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம். இட்லி மாவு பற்றி நீங்கள் எழுதியதை மட்டும் அவர் இரண்டு முறை படிக்கச் சொன்னார். ராலின்ஸுக்கு முந்தைய வளைவில் எங்கள் மாவுப் பாத்திரம் கவிழ்ந்ததை நான் இங்கே எழுதாமல் விட்டிருந்தேன்.